கிங்பின் பேரிங் நீண்டு உழைக்க: பெரிய டயர் போட்ட ஜிப்சிக்கு முழுமையான வழிகாட்டி

"பேரிங் மாற்றி ஆறு மாதம்கூட ஆகவில்லை, மறுபடியும் ஸ்டீயரிங் ஆடுகிறது" என்று சொல்லிக்கொண்டு வரும் வண்டிக்காரர் அடுத்ததாகக் கேட்பது, எந்த கம்பெனி பேரிங் நல்லது என்பதைத்தான். நான் பதிலுக்கு ஒரு கேள்வி கேட்பேன்: போன தடவை ஷிம் (பேரிங்கின் இறுக்கத்தைச் சரிசெய்யும் மெல்லிய தகடு) வைத்தபோது தராசு மாட்டி இழுத்துப் பார்த்தார்களா? பெரும்பாலும் அவருக்குத் தராசு எதற்கு என்றே தெரிந்திருக்காது. மாற்றிக் கொடுத்தவருக்கும் தெரிந்திருக்காது.

கிங்பின் என்பது முன்சக்கரம் இடமும் வலமும் திரும்புவதற்கான அச்சு. அதன் பேரிங்கின் ஆயுளைத் தீர்மானிப்பவை அதன் இறுக்கமும், அதற்குள் தண்ணீரும் கியர் ஆயிலும் போகாமல் இருப்பதும்தான். விலை அதிகமான பேரிங் இவற்றுக்கு ஈடாகாது. மாருதி ஜிப்சியை வைத்து எழுதுகிறேன். மூடிய நக்கிள் (சக்கரத்தைத் தாங்கி, ஆக்சில் முனையின் உருண்டையை மூடியபடி திரும்பும் கூடு) உள்ள பழைய மஹிந்திரா ஜீப்புக்கும் டொயோட்டா லேண்ட் க்ரூசருக்கும் வேலையின் வரிசை ஏறக்குறைய இதேதான். ஆனால் இறுக்கத்தின் எண்களை அந்தந்த வண்டியின் பட்டறைக் கையேட்டிலிருந்தே எடுங்கள்.

1. கழற்றும் முன் உறுதி செய்யுங்கள்

முன்சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, ஆக்சிலுக்கு அடியில் ஸ்டாண்ட் வையுங்கள். டயரின் மேலும் கீழுமாகப் பிடித்து உள்ளும் வெளியுமாக ஆட்டுங்கள். ஆட்டம் தெரிந்தால் உடனே கிங்பின் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். வீல் பேரிங் தளர்ந்திருந்தாலும் இதே ஆட்டம்தான் வரும்.

இப்போது இன்னொருவரை உட்கார வைத்துப் பிரேக்கை அழுத்தச் சொல்லுங்கள். பிரேக் பிடித்ததும் சக்கரமும் நக்கிளும் ஒரே துண்டுபோல் ஆகிவிடும், வீல் பேரிங்கின் ஆட்டம் மறைந்துவிடும். பிரேக் அழுத்தியும் ஆட்டம் மிச்சமிருந்தால் அது கிங்பின். நக்கிளுக்கும் ஆக்சிலின் உருண்டைக்கும் நடுவே சீல் ஓரத்தில் விரலை வைத்துக்கொண்டு ஆட்டச் சொன்னால், அசைவு விரலிலேயே தெரியும்.

அடுத்து, டை ராடின் (இரண்டு முன்சக்கரங்களையும் இணைக்கும் ஸ்டீயரிங் கம்பி) முனையை நக்கிளிலிருந்து கழற்றிவிட்டு, சக்கரத்தைக் கையால் மெதுவாக இடமும் வலமும் திருப்புங்கள். நேராக நிற்கும் இடத்தில் மட்டும் ஒரு குழியில் விழுந்து ஏறுவதுபோல் தட்டினால், கப்பில் (பேரிங்கின் வெளிவளையம்) உருளைகளின் தடம் பதிந்துவிட்டது என்று அர்த்தம். ஆட்டமே இல்லாவிட்டாலும் இந்தப் பேரிங்கை மாற்றித்தான் ஆக வேண்டும்.

புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் செய்யும் தவறு, ஸ்டீயரிங்கின் அதிர்வைத் தணிக்கும் டேம்பரைக் கழற்றாமல் சோதிப்பது. டேம்பர் பல நோய்களை மூடி மறைத்துவிடும். ஓட்டும்போது சந்தேகம் வந்த நாளிலேயே புது டேம்பர் வாங்கி மாட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன். ஆட்டம் நின்றுவிட்டது என்று மகிழ்ந்து ஓட்டுவார்கள். உள்ளே கப் அரைபட்டுக்கொண்டிருக்கும்.

2. பெரிய டயர் போட்டால் என்ன நடக்கிறது

இதைப் புரிந்துகொள்ளாமல் பேரிங் மாற்றினால் அடுத்த வருடமும் மாற்றுவீர்கள்.

ஜிப்சிக்கு வழக்கமான 205/70 ஆர்15 டயரின் விட்டம் சுமார் 668 மி.மீ. ஆசைப்பட்டுப் போடும் 31 அங்குல டயர் 787 மி.மீ. ஆரம் 60 மி.மீ. கூடுகிறது. பாறையில் டயரின் பக்கம் இடிக்கும்போது கிங்பின்னை நெம்பும் கோல் 18 சதவீதம் நீண்டுவிட்டது. டயரின் எடையும் கூடியிருப்பதால், குழியில் விழுந்து எழும் ஒவ்வொரு முறையும் அடி இன்னும் பலமாக இறங்குகிறது.

அதைவிடக் கெட்டது, சக்கரத்தை வெளியே தள்ளுவது. ஸ்பேசர் (சக்கரத்துக்கும் ஹப்புக்கும் நடுவே வைக்கும் தடித்த தகடு) போட்டோ, ஆஃப்செட் மாறிய ரிம் போட்டோ டயரை 30 மி.மீ. வெளியே கொண்டுபோனால், ஒரு சக்கரத்தில் 300 கிலோ எடை இருக்கும்போது, ஒரு மீட்டர் கம்பியின் நுனியில் 9 கிலோவைத் தொங்கவிட்டதற்குச் சமமான நெம்புவிசை புதிதாக வந்து சேர்கிறது. மேல், கீழ் பேரிங்குகளுக்கு நடுவே 15 செ.மீ. என்று வைத்துக்கொண்டால், ஒவ்வொரு பேரிங்கிலும் 60 கிலோ பக்கவாட்டுத் தள்ளல் கூடுதல். வண்டி வீட்டில் சும்மா நிற்கும்போதும் இது இருக்கும். ஓடும்போது பல மடங்காகும்.

வண்டியின் எடையைத் தாங்குவது கீழ்ப் பேரிங். தண்ணீரில் முதலில் நனைவதும் அதுதான். அதனால் பத்தில் எட்டு வண்டியில் கீழ்ப் பேரிங் முதலில் போயிருக்கும். மேலே உள்ளதை மட்டும் பார்த்து "நன்றாகத்தான் இருக்கிறது" என்று மூடிவிடக் கூடாது.

கிங்பின் பேரிங்குக்கு இயல்பிலேயே ஒரு சாபம் உண்டு. வீல் பேரிங் முழுச் சுற்றுச் சுற்றுவதால் கிரீஸ் எல்லா இடத்துக்கும் பரவும். கிங்பின் பேரிங் சில பாகை மட்டுமே ஆடும். நெடுஞ்சாலையில் மணிக்கணக்காக உருளைகள் ஒரே இடத்தில் நின்று அடி வாங்கும். நடுவில் குழி விழுவதற்கு இதுவே காரணம். இறுக்கம் சரியாக இருந்தால் எல்லா உருளைகளும் சுமையைப் பங்கு போட்டுக்கொள்ளும். தளர்ந்திருந்தால் இரண்டு மூன்று உருளைகள் மட்டும் சுத்தியல்போல் அடிக்கும்.

3. கையில் இருக்க வேண்டியவை

பொருள்கள்: இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து நான்கு பேரிங், இரண்டு நக்கிள் சீல் செட், ஆக்சிலின் உள்பக்க ஆயில் சீல் இரண்டு, 0.1 மி.மீ., 0.5 மி.மீ. ஷிம்கள், ஹப் சீல், நல்ல கிரீஸ், கேஸ்கெட் பேப்பர், கியர் ஆயில். பேரிங் வாங்கப் போகும்போது பழைய பேரிங்கைக் கையோடு எடுத்துப்போய் அதன் மேல் பொறித்த எண்ணை ஒப்பிடுங்கள். கப் ஒரு கம்பெனி, கோன் (உருளைகளோடு கூடிய உள்வளையம்) ஒரு கம்பெனி என்று கலந்து வாங்காதீர்கள். இரண்டும் ஒன்றோடொன்று பொருந்தச் சாய்வு தீட்டப்பட்டவை.

கருவிகள்: வீல் பேரிங் நட்டுக்கு உரிய சாக்கெட், டார்க் ரெஞ்ச், பித்தளைக் கம்பி, வெர்னியர், 5 கிலோ வரை காட்டும் ஸ்பிரிங் தராசு. தராசு 50 கிலோ காட்டும் வகையாக இருந்தால் பயனில்லை. ஒரு கிலோவுக்கும் ஒன்றரைக் கிலோவுக்கும் உள்ள வித்தியாசம் அதில் தெரியாது.

உள்பக்க ஆயில் சீலை இந்தப் பட்டியலிலிருந்து அடித்துவிட ஆசை வரும். நானும் ஒருமுறை, ஒழுகவில்லையே என்று பழையதை அப்படியே விட்டேன். மூன்றாவது மாதம் அந்த வண்டி திரும்பி வந்தது. நக்கிளைத் திறந்தபோது கிரீஸ் ரசம்போல் ஊற்றியது. கியர் ஆயில் உள்ளே கசிந்து கிரீஸைக் கரைத்திருந்தது. மொத்த வேலையையும் என் செலவில் மறுபடி செய்து கொடுத்தேன்.

4. கழற்றும் வரிசை

ஒரு நேரத்தில் ஒரு பக்கம் மட்டும். எது எந்தப் பக்கம் திரும்பியிருந்தது என்ற சந்தேகம் வந்தால், பார்த்துத் தெரிந்துகொள்ள மறுபக்கம் முழுதாக இருக்கும்.

கழற்றும் முன் நக்கிளைச் சுற்றியுள்ள சேற்றைக் கழுவிக் காயவிடுங்கள். சீல் தகட்டைத் திறந்த பிறகு விழும் ஒரு சிட்டிகை மணல் போதும், புதுப் பேரிங்கைத் தின்ன.

சக்கரம், காலிப்பர், ஹப், ஸ்பிண்டில், ஆக்சில் தண்டு என்ற வரிசையில் போகலாம். காலிப்பரைக் கம்பி கட்டித் தொங்கவிடுங்கள், பிரேக் ஹோஸில் தொங்க விடாதீர்கள். ஆக்சில் தண்டை இழுக்கும்போது அந்தப் பக்கம் சற்று உயரமாக இருக்கட்டும். கியர் ஆயில் வெளியே வராது.

பிறகு டை ராட் முனை, அதன்பின் சீலைப் பிடித்திருக்கும் அரைவட்டத் தகடுகள். கடைசியாகக் கிங்பின்கள். மேல் கிங்பின்னில் "மே" என்றும், கீழே "கீ" என்றும் பெயின்டில் குறித்து, அதனதன் ஷிம்களைத் தனித்தனிக் கவரில் போடுங்கள். ஷிம் கலந்துபோனால் இறுக்கத்தை முதலிலிருந்து தேட வேண்டும்.

கீழ்க் கிங்பின்னைக் கழற்றும்போது நக்கிளுக்கு அடியில் ஒரு கையை வைத்திருங்கள். கீழ்ப் பேரிங் தானாகவே கழன்று விழும். அது தரையில் விழுந்து உருண்டால், உடைந்தது எப்படி என்று படிக்கும் வாய்ப்பும் போய்விடும்.

5. பழைய பேரிங் சொல்வதைக் கேளுங்கள்

தூக்கி எறியும் முன் துடைத்து வெளிச்சத்தில் பாருங்கள். எதனால் செத்தது என்று அதிலேயே எழுதியிருக்கும்.

சிவப்புத் துரு, பால்போல் வெளுத்த கிரீஸ்: தண்ணீர். நக்கிள் சீலும் ஆக்சில் மூச்சுக்குழாயும்தான் உங்கள் முதல் வேலை.

நீர்த்துப்போன, கியர் ஆயில் மணக்கும் கிரீஸ்: உள்பக்க ஆயில் சீல்.

உருளைகளுக்கு இடையே உள்ள அதே இடைவெளியில் வரிசையாகப் பதிந்த கோடுகள்: இறுக்கம் குறைவு, அல்லது ஓயாத அதிர்வு. இதைத்தான் அதிகம் பார்க்கிறேன்.

உலர்ந்த கோன்: கிரீஸே இல்லை, அல்லது இறுக்கம் அதிகம்.

கப்பின் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருப்பது: கப் முழுவதும் இறங்கவில்லை, அல்லது கிங்பின் வளைந்திருக்கிறது. இது இருந்தால் கிங்பின்னை வெர்னியரில் அளந்து, கோன் உட்காரும் இடத்தைப் பல திசைகளில் சோதியுங்கள்.

கோனின் உள்பக்கம் கண்ணாடிபோல் பளபளத்தால், அது கிங்பின்னின் மேல் சுழன்றிருக்கிறது. அந்தக் கிங்பின் தேய்ந்துவிட்டது, மாற்றுங்கள். சென்டர் பஞ்சால் புள்ளி குத்தி உப்ப வைப்பது பட்டறைகளில் பழைய வித்தை. அந்தப் புள்ளிகள் இரண்டு நல்ல பாறைகளைத் தாண்டுவதற்குள் நசுங்கிவிடும்.

6. உருண்டையைச் சுத்தம் செய்து கப் மாற்றுதல்

ஆக்சில் முனையில் உள்ள உருண்டையின் மேற்பரப்பில்தான் நக்கிள் சீல் உரசுகிறது. அங்கே துருக்குழி இருந்தால், புது சீல் போட்டாலும் ஒவ்வொரு திருப்பத்திலும் அந்தக் குழி சீலின் உதட்டை அறுக்கும். மெல்லிய உப்புத்தாளை மண்ணெண்ணெயில் நனைத்து, உருண்டையைச் சுற்றும் திசையிலேயே தேயுங்கள். நீளவாட்டில் தேய்த்தால் கீறல்கள் தண்ணீருக்கு வாய்க்காலாகும். நகம் மாட்டும் அளவுக்கு ஆழமான குழிகளை உலோகப் பசை வைத்து நிரப்பி, காய்ந்ததும் தேய்த்துச் சமன்படுத்தலாம்.

பழைய கப்பைப் பித்தளைக் கம்பி வைத்து எதிர்ப்புறத் துளை வழியாகத் தட்டுங்கள். ஒரே இடத்தில் அடித்தால் கப் சாய்ந்து துளையைக் கிழிக்கும். இடம் மாற்றி மாற்றி, கொஞ்சம் கொஞ்சமாக.

புதுக் கப் இறங்கும் படியில் ஒரு துணுக்கு அழுக்கோ பிசிறோ இருந்தால் கப் சாய்ந்து உட்காரும். விரலால் தடவிப் பாருங்கள், கண்ணை நம்பாதீர்கள். பழைய கப்பின் வெளிவிட்டத்தைக் கொஞ்சம் சாணை பிடித்தால், புதுக் கப்பை அடித்து இறக்க அதுவே நல்ல கருவி. அடியின் ஓசையைக் கவனியுங்கள். இறங்கும் வரை மந்தமாக இருக்கும். அடியில் உட்கார்ந்ததும் ஓசை கணீரென்று மாறும். அதற்குப் பிறகு ஓர் அடிகூட வேண்டாம்.

கப் விரலால் தள்ளினாலே இறங்குகிறதா? துளை அகன்றுவிட்டது. தகரத்தை வெட்டிச் சுற்றி வைப்பது தீர்வாகாது. லேத்தில் கடைந்து ஸ்லீவ் போட வேண்டும், இல்லையேல் ஆக்சில் கூட்டையே மாற்ற வேண்டும். இது செலவு. ஆனால் அகன்ற துளையில் எந்தக் கம்பெனிப் பேரிங்கும் நிற்காது.

7. ஷிம்: முழு வேலையின் உயிர்

மற்ற எல்லாவற்றையும் அவசரமாகச் செய்தாலும் இதற்கு ஓர் அரை நாள் ஒதுக்குங்கள்.

கிங்பின்னின் விளிம்புக்கும் நக்கிளுக்கும் நடுவே ஷிம் உட்காரும். ஷிம்மை எடுத்தால் கிங்பின் உள்ளே இறங்கி இறுக்கம் கூடும். சேர்த்தால் குறையும். சிலர் இதைத் தலைகீழாக நினைத்துக்கொண்டு ஷிம்களை அடுக்கிக்கொண்டே போவார்கள்.

முதலில், நக்கிள் சீலையும் அதன் ஃபெல்ட் வளையத்தையும் ஆக்சிலின் மேல் கோத்து உள்ளே தள்ளி வைத்துவிடுங்கள். இவை முழு வளையங்கள். நக்கிள் ஏறிய பிறகு உள்ளே போகா. இதை மறந்து, எல்லாவற்றையும் மாட்டி முடித்த பின் மேசையின் மேல் கிடக்கும் வளையத்தைப் பார்த்துத் தலையில் கைவைக்காத மெக்கானிக் யாரும் இருக்க முடியாது.

பேரிங்குகளுக்கு மெல்லிய கிரீஸ் பூசிக் கப்பில் ஒட்டவையுங்கள். ஆக்சில் தண்டும் டை ராடும் இல்லாமல், சீல் நக்கிளைத் தொடாமல், நக்கிளை ஏற்றுங்கள். பழைய ஷிம்களோடு மேல், கீழ் கிங்பின்களை நுழைத்து, போல்ட்டுகளைக் குறுக்குக் குறுக்காகச் சமமாக இறுக்கிக்கொண்டு வாருங்கள். ஒரு பக்கத்தை முழுதாக இறுக்கினால் கோன் சாய்ந்து கடிக்கும். முடிவில் டார்க் ரெஞ்ச்: 20 முதல் 30 நியூட்டன் மீட்டர்.

இப்போது நக்கிளை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பத்துத் தடவை திருப்புங்கள். உருளைகள் தங்கள் இடத்தில் உட்கார வேண்டும். உட்காரும் முன் அளந்தால் எண் பொய் சொல்லும்.

டை ராட் முனை உட்காரும் துளையில் தராசின் கொக்கியை மாட்டி, நக்கிள் கைக்குச் செங்குத்தாக மெதுவாக இழுங்கள். நக்கிள் நகரத் தொடங்கும் அந்தக் கணத்தில் தராசு காட்டும் எடைதான் கணக்கு. சீல் இல்லாமல் சுசுகி கையேடு சொல்வது 1.0 முதல் 1.8 கிலோ.

வெடுக்கென்று இழுத்தால் எண் எகிறும். மூன்று முறை இழுத்து, மூன்றும் ஒத்துவந்தால் எழுதுங்கள். உதாரணத்துக்கு, பழைய ஷிம்களோடு 0.4 கிலோ காட்டுகிறது. ஒரு 0.1 மி.மீ. ஷிம்மை எடுத்துவிட்டு, போல்ட்டுகளை மறுபடி முறையாக இறுக்கி, மறுபடி பத்துத் தடவை திருப்பி, மறுபடி இழுங்கள். அலுப்பான வேலைதான். ஆனால் இரண்டு ஷிம்களை ஒரே நேரத்தில் எடுத்தால் எங்கே நிற்கிறீர்கள் என்றே தெரியாது.

புதுப் பேரிங் கொஞ்சம் ஓடியதும் பதிந்து தளரும். அதனால் பெரிய டயர் வண்டிக்கு நான் வரம்பின் மேல் முனையில், 1.6 முதல் 1.8 கிலோவில் நிறுத்துவேன். வரம்பைத் தாண்டி 3 கிலோ, 4 கிலோ என்று முறுக்குகிறவர்கள் உண்டு. ஸ்டீயரிங் ஆட்டம் நிற்கும், மறுக்கவில்லை. ஆனால் வளைவு முடிந்த பின் ஸ்டீயரிங் தானாக நேராகாது, கிரீஸ் படலமும் நசுங்கி வெளியேறும்.

எந்தப் பக்கத்தின் ஷிம்மை எடுப்பது? இறுக்கத்தைத் தீர்மானிப்பது மேல், கீழ் ஷிம்களின் மொத்தம். நக்கிள் நடுவில் நிற்பதைத் தீர்மானிப்பது அவை பிரிந்திருக்கும் விதம். உருண்டைக்கும் நக்கிள் விளிம்புக்கும் உள்ள இடைவெளியை மேலும் கீழும் வெர்னியரில் அளந்து, ஏறக்குறைய சமமாக இருக்கும்படி மாற்றுங்கள். ஒரு பக்கம் நெருங்கினால் சீலின் அந்தப் பக்கம் தேயும், மறுபக்கம் வாய் பிளக்கும்.

எல்லா ஷிம்மையும் எடுத்த பிறகும் தராசு அரைக் கிலோகூடக் காட்டவில்லை என்றால் ஷிம்மைக் குறை சொல்லாதீர்கள். பேரிங் எண் தவறு, அல்லது துளை அகன்றுவிட்டது. மூன்றாம், ஆறாம் படிகளுக்குத் திரும்புங்கள்.

ஷிம் கிடைக்காதபோது குளிர்பான டப்பாவை வெட்டிப் போடும் பழக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். தடிமன் 0.1 மி.மீ.க்குப் பக்கத்தில் இருப்பதால் தராசில் பிரமாதமாக வரும். அலுமினியம் நசுங்கியதும் இறுக்கம் மாறிவிடும், அப்போது போல்ட்டும் தளரும். எஃகு அல்லது பித்தளைத் தகடு மட்டும்.

8. கிரீஸ்

சரியான எண் கிடைத்த பின் கிங்பின்களை மறுபடி எடுத்து, பேரிங்குகளில் கிரீஸைக் கையால் அழுத்தி ஏற்றுங்கள். உள்ளங்கையில் கிரீஸ் உருண்டையை வைத்து, கோனின் அகன்ற விளிம்பை அதில் குத்திக் குத்தி எடுத்தால், மறுபக்கத்தில் உருளைகளுக்கு நடுவே கிரீஸ் புழுபோல் வெளியே வரும். சுற்றிலும் அப்படி வரும் வரை செய்யுங்கள். மேலே தடவியது உள்ளே போகாது.

தண்ணீரைத் தாங்கும் என்.எல்.ஜி.ஐ. 2 தரக் கிரீஸ், அழுத்தம் தாங்கும் வகை வேண்டும். ஆறு, ஓடை என்று அடிக்கடி இறக்குகிறவர்களுக்குக் கால்சியம் சல்ஃபோனேட் வகை நல்லது, தண்ணீரில் எளிதில் கழுவிக்கொண்டு போகாது. பழைய கிரீஸை மண்ணெண்ணெயில் முழுதாகக் கழுவித் துடைத்த பின்தான் புது வகையைப் போட வேண்டும். வெவ்வேறு வகைக் கிரீஸ்கள் கலந்தால் சில நேரம் இளகி ஓடும்.

உருண்டைக்குள், ஆக்சில் ஜாயின்ட்டைச் சுற்றி முக்கால் அளவு போதும். முழுவதும் அடைத்தால் சூடேறும்போது சீலைத் தள்ளிக்கொண்டு வெளியே வரும்.

கிங்பின்னில் துளையிட்டு நிப்பிள் போட்டால் என்ன என்று எல்லாரும் கேட்பார்கள். மேல் கிங்பின்னில் போடலாம், ஆள் அளவறிந்து அடித்தால் பயன் உண்டு. கீழே போட்டால் முதல் கல்லிலேயே முறியும். எனக்கு இதில் பெரிய நம்பிக்கை இல்லை. நிப்பிள் இருக்கிறது என்ற தைரியத்தில் யாரும் நக்கிளைத் திறந்து பார்ப்பதில்லை.

9. மூடுதல்

புது உள்பக்க ஆயில் சீலை அழுத்தி, உதட்டில் கிரீஸ் பூசுங்கள். ஆக்சில் தண்டை இரண்டு கைகளாலும் தாங்கி, சீலைத் தொடாமல் நேராக நுழையுங்கள். தண்டின் எடை முழுவதையும் சீலின் உதட்டில் சாய்த்து, பல்வரிசை பொருந்தும் வரை குலுக்குவதுதான் புதுச் சீல் முதல் நாளே கிழிவதற்குக் காரணம்.

நக்கிள் சீலை இழுத்து உட்காரவைத்து, அரைவட்டத் தகடுகளைச் சமமாக இறுக்குங்கள். ஸ்பிண்டிலை மாட்டும் முன் கேஸ்கெட்டை மறக்காதீர்கள். மற்றவை கழற்றியதன் தலைகீழ் வரிசை.

மேல் கிங்பின்னுக்குப் பதிலாக உயரமான ஸ்டீயரிங் கை பொருத்தும் கிட் போட்டிருந்தால் ஒரு கூடுதல் கவனம். ஸ்டீயரிங்கின் முழு விசையும் இப்போது அந்த நான்கு போல்ட்டுகளில். எண்ணெய் துடைத்து, திரவப் பூட்டுப் பசை பூசி இறுக்குங்கள். அந்தக் கையின் அடித்தட்டின் தடிமன் பழைய கிங்பின்னிலிருந்து வேறுபடும் என்பதால் ஷிம்மை மறுபடி தேட வேண்டும்.

10. ஆக்சிலின் மூச்சு

இவ்வளவு செய்துவிட்டு இதை விட்டால் அத்தனையும் வீண்.

மலை ஏறி வந்த ஆக்சில் சூடாக இருக்கும். அப்படியே ஓடைக்குள் இறங்கினால் உள்ளே உள்ள காற்று சட்டென்று குளிர்ந்து சுருங்கும். மூச்சுக்குழாய் அடைத்திருந்தால், அந்தச் சுருக்கம் எங்கேயாவது எதையாவது உறிஞ்சியாக வேண்டும். சீல் ஓரத்தில் நிற்பது தண்ணீர்தான். ஆக்சிலின் மேல் உள்ள சிறு மூடியைக் கழற்றி, எரிபொருள் ஹோஸ் ஒன்றை மாட்டி, பேட்டரித் தட்டின் உயரத்துக்குக் கொண்டுபோய் ஒரு சிறு ஃபில்டரோடு கட்டுங்கள். செலவு மிகக் குறைவு, பலன் பேரிங்கைவிட அதிகம். ஆனால் ஹோஸ் ஸ்பிரிங்கிலோ டிரைவ் ஷாஃப்டிலோ சிக்காத தளர்வோடு இருக்க வேண்டும்.

11. வெளியே இருந்து வரும் சுமையைக் குறையுங்கள்

ஸ்பேசரைக் கழற்றச் சொன்னால் யாருக்கும் பிடிப்பதில்லை. குறைந்தது, டயர் உரசாமல் இருக்க எவ்வளவு வேண்டுமோ அந்த அளவு மட்டும் வையுங்கள். அழகுக்காக வெளியே தள்ளிய ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும் கீழ்ப் பேரிங் வாடகை கட்டுகிறது.

உயர்த்திய வண்டியில் காஸ்டர் கோணத்தை (கிங்பின் அச்சு பின்னோக்கிச் சாய்ந்திருக்கும் அளவு) அளக்கச் சொல்லுங்கள். ஜிப்சியில் நீளமான முன் ஷேக்கிள் (ஸ்பிரிங்கின் முனையைச் சட்டத்தோடு இணைக்கும் துண்டு) போட்டாலே ஆக்சில் முன்னால் சுழன்று காஸ்டர் குறையும். காஸ்டர் குறைந்தால் சக்கரம் நேராக நிற்க விரும்பாது. சின்னக் குழி பட்டாலும் இருபுறமும் படபடவென்று அடிக்கும், அந்த அடி முழுவதும் கிங்பின் பேரிங்கில். ஆக்சிலுக்கும் ஸ்பிரிங்குக்கும் நடுவே ஆப்புத் தகடு வைத்துத் திருத்தலாம். ஆப்பின் தடித்த பக்கம் எந்தத் திசை என்பதை இருமுறை பாருங்கள். தலைகீழாக வைத்துவிட்டு "ஆப்பு வைத்தும் சரியாகவில்லை" என்று வந்தவர்கள் இருக்கிறார்கள்.

சேற்று டயர்களைப் பாலன்ஸ் செய்யுங்கள். பயணம் முடிந்ததும் ரிம்மின் உள்பக்கம் காய்ந்த சேற்றைக் கழுவுங்கள். ஒரு பிடிச் சேறு போதும், வேகத்தில் சக்கரம் குதிக்க.

12. முதல் நாளே ஓர் எண்ணை எழுதி வையுங்கள்

எல்லாவற்றையும் மூடிய பின், சக்கரம் மாட்டும் முன், டை ராட் முனையை இணைக்காமல் தராசை மாட்டி மறுபடி இழுங்கள். இப்போது சீலும் ஆக்சில் ஜாயின்ட்டும் சேர்ந்து இழுப்பதால் எண் முன்பைவிட அதிகமாக இருக்கும். இந்த எண் எந்தக் கையேட்டிலும் இல்லை, உங்கள் வண்டிக்கு மட்டும் உரியது. இடது, வலது இரண்டையும் வண்டியின் நோட்டில் தேதியோடு குறியுங்கள்.

500 கி.மீ. ஓடியதும் கிங்பின் போல்ட்டுகளை டார்க் ரெஞ்சால் சரிபாருங்கள், சக்கரத்தையும் டை ராட் முனையையும் கழற்றித் தராசை மாட்டி இழுங்கள். சீல் பழகுவதால் எண் சற்றுக் குறையும், அது இயல்பு. பாதிக்கும் கீழே போயிருந்தால் ஒரு 0.1 மி.மீ. ஷிம்மை எடுக்கும் நேரம் வந்துவிட்டது. நக்கிளைத் திறக்காமலே, கிங்பின்னின் நான்கு போல்ட்டைக் கழற்றி இதைச் செய்யலாம். அதன்பின் ஒவ்வொரு 5,000 கி.மீ.க்கும், சக்கரத்தின் மையத்துக்கு மேல் தண்ணீர் ஏறிய ஒவ்வொரு பயணத்துக்குப் பிறகும் இதே சோதனை. அப்படித் தண்ணீரில் நின்ற வண்டியில், கீழ்க் கிங்பின்னையும் இறக்கி அதில் ஒட்டியிருக்கும் கிரீஸின் நிறத்தைப் பாருங்கள். வெளுத்திருந்தால் அந்த வாரமே திறந்து கழுவி, புதுக் கிரீஸ் வையுங்கள். கப்பில் துரு பிடிக்க ஆரம்பிக்காத வரை பேரிங்கைக் காப்பாற்றிவிடலாம்.